விளக்குத்தூண் கடையை மூடலாமா, இடம் மாற்றலாமா?

நீங்கள் கேட்டிருப்பது இது. மதுரை விளக்குத்தூணுக்குப் பக்கத்துச் சந்தில் உங்கள் அப்பா 34 ஆண்டுகளாகச் சிறுவர் ஆயத்த ஆடைக் கடை நடத்துகிறார். ஐந்தாறு ஆண்டுகளாக விற்பனை இறங்கிக்கொண்டே வருகிறது. இப்போது கட்டட உரிமையாளர் 15,000 ரூபாய் வாடகையை 40,000 ஆக்கச் சொல்கிறார். “எல்லாம் ஆன்லைன் வியாபாரத்தால் வந்த வினை. கடையை மூடிவிடலாமா, இல்லை கே.கே. நகர் பக்கம் மாற்றிக்கொள்ளலாமா?” என்று முடித்திருக்கிறீர்கள். படித்தவுடன் என் கண் ஆன்லைன் என்ற சொல்லில் நிற்கவில்லை, அந்த 15,000-இல் நின்றது. கடைவீதியின் நடுவில் இவ்வளவு காலமாக அந்த வாடகையில் ஒரு கடை ஓடியிருக்கிறது என்றால், அது வியாபாரத்தால் ஓடியதா, வாடகையால் ஓடியதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். நீங்கள் உண்மையில் கேட்பதும் அதுதான் என்று நினைக்கிறேன்.

நான் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கீழ மாசி வீதியில் ஒரு மளிகை மண்டியில் கணக்கு எழுதத் தொடங்கியவன். பிறகு வரி ஆலோசகரானேன். 27 ஆண்டுகளாக மாசி வீதிகளுக்கு உட்பட்ட சிறு கடைகளின் கணக்குகளைப் பார்த்து வருகிறேன். துணியின் தரத்தைத் தொட்டுப் பார்த்துச் சொல்ல எனக்கு வராது. இந்தத் தீபாவளிக்குக் குழந்தைகள் என்ன நிறம் கேட்பார்கள் என்பதும் என் வேலை இல்லை. பேரேட்டைப் பார்த்தால் கடை எங்கே ஒழுகுகிறது என்று சொல்லத் தெரியும். உங்கள் கடையின் பேரேட்டை நான் பார்க்கவில்லை என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

ஆன்லைனை முதலில் முடித்துவிடுவோம். அது சில சரக்குகளைக் கொண்டுபோய்விட்டது என்பதில் ஐயமே இல்லை. பெயர் அச்சிட்ட உள்ளாடை, பள்ளிக் காலுறை, கம்பெனி டி-சட்டை போன்று எங்கே வாங்கினாலும் ஒன்றாகவே இருக்கும் பொருள்களில் சிறு கடைக்காரர் விலையில் ஜெயிக்க முடியாது. வாடிக்கையாளர் கடையில் நின்றுகொண்டே கைப்பேசியில் விலையைக் காட்டுகிறார். ஆனால் உங்கள் அப்பாவின் விற்பனைச் சரிவில் இதன் பங்கு எவ்வளவு என்று யாராவது சதவீதம் சொன்னால் நம்பாதீர்கள். என்னிடம் வரும் கணக்குகளில், ஆன்லைனால் எளிதில் தொடமுடியாத சரக்கை விற்கும் கடைகளிலும் சரிவு இருக்கிறது. பித்தளைக் குத்துவிளக்கு விற்பவருக்கும் இறங்கியிருக்கிறது, பூஜைச் சாமான் விற்பவருக்கும் இறங்கியிருக்கிறது. ஆகவே வேறு ஏதோ ஒன்றும் சேர்ந்து வேலை செய்கிறது.

என் கணிப்பில் அந்த வேறு ஒன்று, நடந்து வரும் ஆள் குறைந்தது. உங்கள் அப்பா கடை திறந்த காலத்தில் வெளியூர்ப் பேருந்துகள் ஊருக்கு நடுவில் வந்து நின்றன. இறங்கியவர் நடந்தே கடைவீதிக்கு வந்தார். 1990-களின் கடைசியில் மாட்டுத்தாவணி நிலையம் வந்தது. மேலூர், சிவகங்கை, பரமக்குடிப் பக்கத்து மக்கள் ஊருக்கு வெளியே ஐந்தாறு கிலோமீட்டர் தள்ளி இறங்கத் தொடங்கினார்கள். உசிலம்பட்டி, தேனி ஆட்களுக்கு ஆரப்பாளையம். 2010-இல் மத்தியக் காய்கறிச் சந்தையும் மாட்டுத்தாவணிக்குப் போனது. இது துணிக்கடையைப் பாதித்த கதை பலருக்கு விளங்குவதில்லை. விடியற்காலையில் காய் கொண்டுவந்து விற்ற கிராமத்துக்காரர் பத்து மணிக்கு மடியில் ரொக்கத்தோடு நிற்பார். பேருந்து ஏறுவதற்குள் பிள்ளைக்கு ஒரு சட்டை வாங்கிக்கொள்வார். துணி வாங்குவதற்காக அவர் மதுரைக்கு வந்தவர் இல்லை. வந்த இடத்தில் வாங்கியவர். சிறு கடைகளின் அன்றாடப் போணி பெரும்பாலும் இப்படிப்பட்டவர்களால்தான் ஆனது. பழைய சந்தை இருந்த இடத்தில் இப்போது பல அடுக்கு வாகன நிறுத்தம் நிற்கிறது. கார் நிறுத்த இடம் வந்தது நல்லதுதான். ஆனால் காரில் வருபவர் முன்கூட்டியே முடிவு செய்துகொண்டு பெரிய ஜவுளிக்கடைக்கு வருகிறவர். சந்துக்குள் எட்டிப் பார்ப்பவர் பேருந்தில் வந்தவர்தான்.

அதற்கு மேல் வந்தது தோண்டல் காலம். ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் பெரியார் பேருந்து நிலையத்தை இடித்துக் கட்டினார்கள். 2021 டிசம்பரில்தான் திறந்தார்கள். அதே ஆண்டுகளில் மாசி வீதிகளையும் தோண்டினார்கள். நடுவில் 2020 மார்ச்சில் ஊரடங்கு. இந்த மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்ததால் எது எவ்வளவு அடித்தது என்று பிரிக்க முடியவில்லை. ஒன்று மட்டும் பேரேடுகளில் தெளிவாகத் தெரிகிறது: வேறு பக்கம் வாங்கப் பழகிய வாடிக்கையாளர், சாலை சரியான பிறகும் முழுதாகத் திரும்பவில்லை. வில்லாபுரத்திலும் ஆனையூரிலும் திருநகரிலும் இருப்பவருக்கு அங்கேயே கடை வந்துவிட்டது.

மீனாட்சியம்மன் கோயிலுக்கு எதிரே இருக்கும் புதுமண்டபத்தைப் பாருங்கள், இடம் எவ்வளவு பெரிய சரக்கு என்பது விளங்கும். திருமலை நாயக்கர் கட்டிய அந்த மண்டபத்தில் தூணுக்குத் தூண் தையல் இயந்திரம் போட்டு உட்கார்ந்திருந்த தையற்காரர்களும் வளையல், பாத்திரம், புத்தகம் விற்றவர்களும் அருகிலேயே உள்ள குன்னத்தூர் சத்திரக் கட்டடத்துக்கு மாற்றப்பட்டார்கள். 2018 பிப்ரவரி 2-இல் கோயில் வீரவசந்தராயர் மண்டபம் எரிந்ததை நேரில் பார்த்த ஊர் இது. பழைய கல் மண்டபத்துக்குள் துணியும் மின்கம்பியும் சேர்ந்து கிடக்கக் கூடாது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் மாறிய தூரம் கூப்பிடு தூரம்தான். அதற்கே, பழைய வாடிக்கையாளர்கள் மண்டபம் வரை வந்து தேடிவிட்டுத் திரும்பிப் போனதாக வியாபாரிகள் புலம்பினார்கள். கோயிலுக்குப் போகிறவர் காலடியில் கடை இருப்பதும், தேடிக்கொண்டு ஒரு கட்டடத்துக்குள் நுழைய வேண்டியிருப்பதும் ஒன்றாகாது.

இனி கணக்கு. இது உங்கள் கடையின் கணக்கு இல்லை. அந்த அளவுக் கடைக்கு நான் போட்டுக்காட்டும் மாதிரி. எண்களை உங்களுடையதாக மாற்றிக்கொள்ளுங்கள். ஆண்டு விற்பனை 48 லட்சம் என்று வைப்போம். அப்பாவைக் கேட்டால் முப்பது சதவீத லாபம் வைத்து விற்கிறோம் என்பார். அது கொள்முதல் விலையின் மேல் முப்பது. விற்பனையில் பார்த்தால் இருபத்துமூன்றுதான். இந்த ஒரு இடத்திலேயே பாதிக் கடைகள் தங்களை ஏமாற்றிக்கொள்கின்றன. 48 லட்சத்தில் கொள்முதல் போக நிற்பது சுமார் 11 லட்சத்து 8 ஆயிரம். வாடகை 1.80 லட்சம். இரண்டு ஆட்களுக்குச் சம்பளம் 2.88 லட்சம். மின்கட்டணம், தொலைபேசி வகையறா 72,000. லாரி கூலி, பை, தீபாவளி போனஸ் 60,000. வாங்கும்போது கட்டிய வரியைத் திரும்ப எடுக்காமல், விற்பனையில் ஒரு சதவீதம் மட்டும் சிறு கடைகள் கட்டும் இணக்க முறை ஜிஎஸ்டி 48,000. கடையில் எப்போதும் 16 லட்சத்துக்குச் சரக்கு கிடக்கிறது என்றால், அந்தப் பணத்துக்கு நூற்றுக்குப் பன்னிரண்டு வட்டி வைத்தாலும் 1.92 லட்சம். எல்லாம் போக மிஞ்சுவது 2 லட்சத்து 68 ஆயிரம். மாதம் 22,000 ரூபாய் சொச்சம். காலை ஒன்பதரை முதல் இரவு ஒன்பதரை வரை கல்லாவில் உட்காரும் அப்பாவுக்கும், மத்தியானம் அவர் சாப்பிடப் போகும்போது வந்து உட்காரும் அம்மாவுக்கும் சேர்த்து அதுதான் கூலி. இதில் வாடகையை 40,000 ஆக்கினால் ஆண்டுக்கு 3 லட்சம் கூடுகிறது. மிச்சம் போய் 32,000 நட்டம்.

இது ஏன் இத்தனை நாள் கண்ணுக்குத் தெரியவில்லை? வருமான வரிக்கு இந்த அளவுக் கடைகள் பெரும்பாலும் உத்தேச லாபத்தைத்தான் காட்டுகின்றன. வங்கி வழியாக வந்த விற்பனைக்கு 6 சதவீதம், ரொக்க விற்பனைக்கு 8 சதவீதம். சட்டம் அனுமதிக்கும் வசதி அது; நானே நூற்றுக்கணக்கான கணக்குகளை அப்படித் தாக்கல் செய்திருக்கிறேன். ஆனால் விரிவான கணக்கு எழுத வேண்டியதில்லை என்பதால் உண்மையான லாபம் என்ன என்பது கடைக்காரருக்கே தெரியாமல் போய்விடுகிறது. மேலே போட்ட மாதிரிக் கடை 2.88 லட்சத்துக்குக் குறையாமல் லாபம் காட்டியிருக்கும். கையில் நின்றது அதைவிடக் குறைவு. வட்டி வெளியே கட்டவில்லை, சொந்தப் பணம்தான் என்று சொல்வீர்கள். அந்த 16 லட்சம் சரக்காகத் தூங்காமல் வங்கியில் கிடந்திருந்தாலும் ஏதாவது கொடுத்திருக்கும் அல்லவா?

ஒழுகும் இன்னோர் இடம் அந்தச் சரக்கு இருப்புதான். மேல் தட்டில் பாலித்தீன் உறை மஞ்சளித்துப் போன பெட்டிகள் எல்லாக் கடையிலும் உண்டு. நான் கணக்குப் பார்க்கும் ஒரு கடையில் ஒருமுறை இருப்பு எடுக்க உட்கார்ந்தோம். ஒரு பெட்டியைத் திறந்தால் பத்து வயதுப் பிள்ளைகளுக்கான சஃபாரி சூட்டுகள், 14 உருப்படி. கடைக்காரர் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, “அருமையான துணி” என்றார். துணி அருமைதான். அதைக் கேட்ட பிள்ளைகள் இன்று அப்பாக்களாகிவிட்டார்கள். கொள்முதல் விலை பேரேட்டில் அப்படியே நின்றது. இப்படிப்பட்டதைக் கழித்துவிட்டால் 16 லட்சம் இருப்பு உண்மையில் 11 லட்சமாகக்கூட இருக்கலாம். திருப்பூர் காதர்பேட்டைக்கும் ஈரோட்டுச் சந்தைக்கும் போய்க் கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி எடுக்கும் கடைகள், ஏஜென்ட் வழியாகக் கடனில் மொத்தமாக இறக்கும் கடைகளைவிட நன்றாகத் தாக்குப்பிடிக்கின்றன என்பது என் அனுபவம். ஆய்வு எதுவும் இல்லை, முப்பது நாற்பது கணக்குகளைப் பார்த்த அனுபவம்.

வாடகைச் சட்டத்துக்கு வருகிறேன். இதில் நீங்கள் அவசரமாகக் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. 1960-ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்தவரை, மதுரைக் கடைவீதியில் பழைய வாடகைக்காரர் என்பது கிட்டத்தட்டப் பாதிச் சொந்தக்காரர் என்று பொருள். உள்ளே வரும்போது பகடி, அதாவது இடத்தைப் பிடிக்க ஒரு பெரிய முன்தொகை, கொடுத்திருப்பார். வாடகையை ஏற்ற வேண்டுமானால் உரிமையாளர் நீதிமன்றத்துக்கு நடக்க வேண்டும். 2019 பிப்ரவரி 22 முதல் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகார அமைப்பில் பதிவு செய்ய வேண்டும். எழுத்து ஒப்பந்தம் செய்துகொள்ளத் தவறியது என்பதையே காரணமாகக் காட்டி உரிமையாளர் காலி செய்யக் கோர முடியும். உங்கள் அப்பாவிடம் இருப்பது 1990-களில் வெள்ளைத்தாளில் எழுதிய ஒரு சீட்டும் கைமாறிய அட்வான்சும் மட்டும்தான் என்றால், பேச்சுவார்த்தையில் உங்கள் கை நீங்கள் நினைக்கும் அளவுக்கு ஓங்கி இல்லை. இடம் கோயில் சொத்தாக இருந்தால் விதிகள் வேறு. அங்கே நியாய வாடகையை அறநிலையத் துறைச் சட்டப்படி நிர்ணயிப்பார்கள். இதற்கு மேல் சொல்ல நான் வழக்கறிஞன் இல்லை. கட்டடம் யார் பெயரில் இருக்கிறது என்று பார்த்து, கடை வாடகை வழக்குகள் நடத்தும் ஒருவரிடம் அந்தச் சீட்டைக் காட்டுங்கள்.

வழக்கறிஞரிடம் போகும் முன் உரிமையாளரிடம் ஒன்று கேளுங்கள்: அவர் ஜிஎஸ்டி பதிவு பெற்றவரா? பெற்றவர் என்றால் 40,000-க்கு மேல் 18 சதவீதம் வரி சேர்ந்து 47,200 ஆகும். இணக்க முறையில் இருக்கும் கடைக்கு அந்த 7,200-ஐத் திரும்ப எடுக்க வழியில்லை. அவர் பதிவு பெறாதவர் என்றால், 2024 அக்டோபரில் அந்த வரியை வாடகைக்காரர் தலையில் வைத்தார்கள்; பிறகு 2025 ஜனவரியில் இணக்க முறைக் கடைகளுக்கு மட்டும் விலக்குக் கொடுத்துவிட்டார்கள். பலர் இதைக் கவனிக்காமல் வாடகை பேசி முடித்துவிட்டுப் பிறகு என்னிடம் வந்து தலையில் கை வைக்கிறார்கள். மற்றபடி ஜிஎஸ்டி உங்களுக்குப் பெரிய பகை இல்லை. 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரையிலான ஆடைக்கு 5 சதவீதம்தான். சிறுவர் ஆடையில் அதைத் தாண்டுவது அரிது.

கே.கே. நகருக்கு மாறுவதைப் பற்றி நான் பேசத் தயங்குகிறேன், காரணம் இருக்கிறது. பத்துப் பதினோரு ஆண்டுகளுக்கு முன் ஒரு பாத்திரக் கடைக்காரருக்கு அதே யோசனையை நான்தான் சொன்னேன். வாடகை குறைவு, வண்டி நிறுத்த இடம் உண்டு, பணம் புழங்கும் குடும்பங்கள் சுற்றிலும். தாளில் எல்லாம் சரியாக வந்தது. இரண்டு ஆண்டில் மூடினார். கல்யாணத்துக்குப் பாத்திரம் எடுக்க வருபவர்கள் ஒரு கடையைத் தேடி வருவதில்லை, நாலு கடை ஏறி இறங்கி விலை கேட்கத்தான் வருகிறார்கள் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. பக்கத்துக் கடைக்காரரைப் போட்டியாளர் என்று கணக்கில் எழுதியிருந்தேன். கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு வந்தவரே அவர்தான். மளிகை, மருந்து, பள்ளிச் சீருடை என்றால் புறநகர் சரி. காதுகுத்துக்கும் தீபாவளிக்கும் எடுக்கும் சரக்கு என்றால் இரண்டு முறை யோசியுங்கள்.

கடைவீதிக்கென்று இன்னும் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று கேட்டால், இருக்கிறது. போன ஆவணியில் ஒரு கடையில் கணக்குச் சீட்டுகளைப் பிரித்துக்கொண்டிருந்தேன். கருமாத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தார், அண்ணன் பிள்ளைக்குக் காதுகுத்து. கூட ஒரே ஒரு பையன். எடுக்க வேண்டியது ஐந்து பிள்ளைகளுக்கு. கடைக்காரர் அளவுநாடாவைத் தொடவே இல்லை. கால்சட்டையின் இடுப்புப் பட்டையை அந்தப் பையனின் கழுத்தைச் சுற்றிப் பிடித்துப் பார்த்தார். இரு முனையும் பிடரியில் தொட்டது, சரி என்றார். மற்ற நால்வரும் இவனுக்கு மூத்தவர்களா இளையவர்களா, ஒல்லியா பருமனா என்று கேட்டே அடுக்கிக் கொடுத்தார். பட்டுப் பாவாடையை மட்டும் ஒரு சுற்றுப் பெரிதாக எடுத்து, உள்ளே மடித்துத் தைத்துக்கொண்டால் தை வரை வரும் என்றார். பொருந்தாவிட்டால் மாற்றித் தருவதாக அட்டைப் பெட்டியின் மேலேயே எழுதிக் கொடுத்தார். முக்கால் மணி நேரத்தில் 6,000 ரூபாய்க்கு மேல் வியாபாரம். இதைக் கைப்பேசியில் அந்தப் பெண் செய்து முடித்திருக்க முடியாது. சித்திரைத் திருவிழாவுக்குக் கள்ளழகர் வேடம் கட்டுகிறவர்கள் உடை தைக்கப் புதுமண்டபத்துத் தையற்காரர்களைத் தேடி வந்ததும் இப்படித்தான். சடங்கோடும் நாளோடும் ஆளோடும் ஒட்டிய சரக்கில் சிறு கடைக்கு இன்னும் பிடி இருக்கிறது. அந்தப் பிடி எத்தனை ஆண்டு தாங்கும் என்று சொல்வது ஜோசியம். கழுத்தைச் சுற்றிப் பார்க்கத் தெரிந்தவரின் பிள்ளைகள் உங்களைப் போல வெளியூரில் வேலை பார்க்கிறார்கள்.

ஆகவே என் யோசனை இதுதான். மூடுவதையும் மாற்றுவதையும் இப்போது முடிவு செய்யாதீர்கள். 40,000-க்குத் தலையாட்டவும் வேண்டாம். அப்பாவோடு ஒரு நாள் அந்தச் சந்திலும் சுற்றியுள்ள நாலு சந்துகளிலும் நடந்து, பூட்டிக் கிடக்கும் கடைகளையும் ‘வாடகைக்கு’ என்று எழுதித் தொங்கும் அட்டைகளையும் எண்ணுங்கள். பூட்டிக் கிடப்பவை அதிகம் என்றால், உரிமையாளர் கேட்பது சந்தை வாடகை இல்லை, ஆசை வாடகை. மேலே போட்ட மாதிரிக் கணக்குப்படி வாடகை 22,000 வரை போனாலும் அந்தக் கடை மூச்சுவிடும். ஆண்டுக்கு ஐந்து சதவீத உயர்வோடு ஐந்தாண்டு எழுத்து ஒப்பந்தம் கேட்கலாம். அவரைப் பொறுத்தவரை, எட்டு மாதம் பூட்டிக் கிடக்கும் கடை பெருத்த நட்டம். அதை அவர் முன்னால் உட்கார்ந்து காகிதத்தில் போட்டுக் காட்டுங்கள்.

கல்லாவுக்குப் பக்கத்தில் நாற்பது பக்க நோட்டு ஒன்றை வைக்கச் சொல்லுங்கள். உள்ளே வந்து வாங்காமல் போகிறவர் ஒவ்வொருவருக்கும் ஒரு கோடு. அவர் கேட்டு இல்லாத சரக்கு என்ன என்று ஒரு சொல். தீபாவளிக் கூட்டத்தில் இதைச் செய்ய முடியாது, சாதாரண நாள்களில் செய்தால் போதும். பொங்கல் வியாபாரம் முடிந்து கடை ஓய்ந்த வாரத்தில் விடுப்பு எடுத்துக்கொண்டு வாருங்கள். மேல் தட்டிலிருந்து ஒவ்வொரு பெட்டியாக இறக்கி, இன்று விற்றால் என்ன கிடைக்கும் என்ற விலையில் இருப்பை எழுதுங்கள். அப்பா “அருமையான துணி” என்பார். எழுதிக்கொண்டே இருங்கள். அந்த நோட்டும் இந்த இருப்புக் கணக்கும் கையில் வந்தபிறகு, உரிமையாளரிடம் கையெழுத்துப் போடலாமா என்று மறுபடியும் கேளுங்கள். அப்போது மாதிரி எண்களை விட்டுவிட்டு உங்கள் எண்களை வைத்தே பதில் சொல்கிறேன்.